எனக்கே அரைப்பேர் போட்ட மாணவர் மன்றம்

தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை என்றால், பாடம் சொல்லிக்கொடுப்பது அவள் செய்யும் பல வேலைகளில் ஒன்று மட்டும்தான். மூக்குத் துடைத்துவிடுவது, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவது, மதியச் சாப்பாட்டுக்கு உப்புப் பார்ப்பது, அறுந்த செருப்புக்கு ஊசி குத்துவது எல்லாம் நியமனக் கடிதத்தில் எழுதாத வேலைகள்.

அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் மாணவர் மன்றம். சின்னப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளிலும் மன்றம் வேண்டும், பிள்ளைகளே தலைவரைத் தெரிவுசெய்ய வேண்டும், பாடசாலை நடப்பதில் அவர்களுடைய பேச்சுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இதைப் பற்றிப் பேச அதிபர் ஆசிரியர் கூட்டம் வைத்த அன்றைக்குப் பார்த்து, தலவாக்கலையிலிருந்து நான் வரும் பஸ் ஒரு கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் திறந்தேன். கூட்டம் முடிந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் யாரென்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் எத்தனையோ பாடசாலைகளில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மன்றத்தின் தலைவி லோஜினி, ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. அவள் பாடசாலையை விட்டே நின்றுபோகும் நிலைமை ஒன்று வந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்கிற இடத்தை எங்கள் பக்கம் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அதை மூடியதால் வந்த வினை அது. அவளைத் திரும்பக் கூட்டிவந்தது நான்தான் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இல்லை.

தீபாவளி அட்வான்ஸ்

தேர்தல் நாள் எங்கள் பாடசாலை கண்ட பெரிய திருவிழா. ஒன்றாம் தரத்துக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. அதனால் இரண்டு பெயின்ட் வாளி வைத்தோம். ஒன்றில் பூப் படம், மற்றதில் பட்டாம்பூச்சிப் படம். வாக்குச் சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை. மறைப்புக்கு என்னுடைய பழைய சேலை. போட்டி இரண்டே பேருக்கு. ஒன்று லோஜினி. மற்றவன் பிரவீன், அவனும் ஐந்தாம் தரம். அவனுடைய அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர், ஆகவே குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரவீன் மேசைமேல் ஏறி நின்று, "நான் ஜெயிச்சா எல்லாருக்கும் தீபாவளி அட்வான்ஸ் வாங்கித் தருவேன்!" என்றான். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. அட்வான்ஸ் என்றால் பண்டிகைக்குத் தோட்டம் கொடுக்கும் முன்பணம் என்று தெரியாத வாண்டுகளும் குதித்தன. வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் எல்லாருக்கும் முகம் மலரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது லோஜினி. மேசைமேல் ஏறவில்லை. கீழேயே நின்று, "எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. ஆனா யாராச்சும் ஸ்கூலுக்கு வரலைன்னா, நான் ஒங்க லயத்துக்கே வந்து கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது. இப்படி ஒரு வாக்குறுதி கொடுத்தால் எந்த ஊரில் ஓட்டு விழும்? ஆனால் பூ வாளி நிரம்பியது! சின்னதுகள் எல்லாம் கொண்டுபோய் லோஜினிக்கே போட்டிருந்தன. தங்களைத் தேடி ஒருத்தி லயத்து வரிசை வீட்டுக்கே வருவாள் என்பது அவர்களுக்கு அட்வான்ஸை விடப் பெரிதாகப் பட்டிருக்கிறது. நான் ஆசிரியை என்பதையும் மறந்து துள்ளிவிட்டேன். பிறகு பிரவீனைத் தேற்றலாம் என்று போனால், அவன் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"தோத்தா என்னா டீச்சர்? நாளைக்கு நான் வேற சங்கம் ஆரம்பிச்சிட்டுப் போறேன்."

போட்டிச் சங்கம்

சொன்னபடியே செய்தான். மறுநாள் இடைவேளையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரே கூட்டம். நடுவில் கவிழ்த்த வாளிமேல் பிரவீன். சந்தா ஒரு மாரி பிஸ்கட். மணி அடிப்பதற்குள் மூன்றாம் தரத்தில் பாதி அவன் பக்கம் போய்விட்டது. அவன் வாயும் சட்டையும் பிஸ்கட் தூள். எங்கள் அதிபர் நல்ல மனிதர், ஆனால் வலயக் கல்விப் பணிமனை என்ற பெயரைக் கேட்டாலே வியர்க்கும். "ஒரு மன்றம்னு தானே டீச்சர் சொன்னாங்க? இப்ப ரெண்டு இருக்கே, நான் என்னத்த எழுதி அனுப்புறது?" என்று என் பின்னாலேயே சுற்றினார். எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். பிரவீனின் காதைத் திருகிவிடுவதென்று கிளம்பினேன்.

எனக்கு முன்னால் லோஜினி போய் நின்றாள். கவுன் பையிலிருந்து ஒரு மாரி பிஸ்கட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இந்தா, சந்தா. நானும் ஒன் சங்கத்துல சேர்ந்துட்டேன். இப்ப நீ என் மன்றத்துல சேரு." பிரவீன் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தான். அவனுடைய அப்பாவுக்கே இப்படி ஒரு சிக்கல் வந்திருக்காது. அன்றைக்கே காலைக் கூட்டம் நடத்தும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டாள். அவனுக்கு ஏன் அவ்வளவு பெரிய பொறுப்பு என்று கேட்டேன்.

"நல்லா சத்தம் போடுவான் டீச்சர். வெளிய நின்னு போடுறத உள்ள வந்து போடட்டுமே."

அரைப்பேர்

காலைக் கூட்டம் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் வேலையாட்கள் ஓரிடத்தில் கூடுவார்கள், யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று அங்கே பிரித்துக்கொடுப்பார்கள், அதுதான் பெரட்டு. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த கூட்டம் அது ஒன்றுதான். பிரவீன் முன்னால் நின்று, "மூணாம் தரம் கூட்டுறது! நாலாம் தரம் தண்ணி!" என்று கூவுவான். அந்தந்த வரிசை சிட்டாய்ப் பறக்கும். நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றியும் நடக்காத வேலையெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தது. எனக்கோ உள்ளம் கொள்ளாத பெருமை. பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர் என்று ஒரு சட்டமும் போட்டார்கள். தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், கூலியும் பாதிதான். பாடசாலையில் அரைப்பேர் வாங்கியவர் மதியம் மைதானத்தில் மிட்டாய் சுற்றிய டொபித் தாள் பொறுக்க வேண்டும். நல்ல சட்டம் என்று நான்தான் முதலில் கையை உயர்த்தினேன். ஆசிரியர்களுக்கும் பொருந்துமா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மழை நாள். பஸ் வளைவில் நின்றுவிட்டது. நான் குடையும் கையுமாக வந்து சேர்ந்தபோது பெரட்டு முடியும் நேரம். பிரவீன் என்னைப் பார்த்தான். லோஜினியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். "ஸ்டெல்லா டீச்சருக்கு இன்னைக்கு அரைப்பேரு!" என்று மலைக்கே கேட்கும்படி கூவினான். மற்ற ஆசிரியர்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் குடையை மடக்கக்கூட மறந்துவிட்டேன். "மழைன்னு தெரியலையா? பஸ் வரலைன்னா நான் என்ன பறந்தா வர்றது?" என்று சத்தம் போட்டேன். லோஜினி கொஞ்சமும் அசையவில்லை. மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"எங்கம்மாவும் மழைன்னு தான் சொன்னாங்க டீச்சர். கண்டாக்கையா கேக்கலையே."

அன்று மதியம் டொபித் தாள் பொறுக்கினேன். கொழுந்து மலையைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கண்டாக்கையாவை நினைத்துக்கொண்டேதான் பொறுக்கினேன். பக்கத்தில் அரைப்பேர் வாங்கிய ஒரு முதலாம் தரத்து வாண்டு இருந்தது. நான் தவறவிட்டதையெல்லாம் அது எடுத்துக் காட்டியது.

"குனிஞ்சு பாருங்க டீச்சர், நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது."

கணக்கில் இல்லாத பிள்ளை

லோஜினி வாக்குத் தவறவில்லை. பெரட்டில் யாரையாவது காணோம் என்றால் அந்த லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சப்பாத்து காயாததால் வராத ஒருவனைச் செருப்போடு கூட்டிவந்து, "செருப்போட இருக்கலாம் தானே டீச்சர், கால் படிக்கிறதில்ல தானே" என்று எனக்கே நியாயம் சொன்னாள். சிநேகிதியோடு கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்த ஒருத்தியை, கோபித்துக்கொண்ட அந்தச் சிநேகிதியையே அனுப்பிக் கூட்டிவந்தாள். வரவு இடாப்பில் காலி இடமே இல்லாத நாட்கள் வந்தன. அதிபர் அதை எடுத்து எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கூட்டிவந்தவர்களில் ஒரு பொடியன் இருந்தான். மூன்று வயது இருக்கும். எங்கள் பிள்ளையே இல்லை! பெயர் கேட்டால் "தம்பி" என்கிறான். "யாருன்னு தெரியாது டீச்சர். வாசல்ல சும்மா ஒக்காந்திருந்தான். வர்றியான்னு கேட்டோம், வந்துட்டான்" என்றான் பிரவீன். பொடியன் ஒன்றாம் தரத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் பாடி, மதியச் சாப்பாடு இரண்டு தரம் வாங்கித் தின்றான். மதியம் அவனுடைய தாய் முதுகில் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையைக் காணாமல் பதறிப்போயிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. கதவில் சாய்ந்து நின்று மகன் பாடுவதைப் பார்த்தாள். பிள்ளைக்காம்பராவில் இருந்த ஆயாம்மா கொழும்புக்குப் போய்விட்டதால் அந்த வாரம் அதைப் பூட்டிவிட்டார்கள் என்றும், புதிதாக ஆள் எப்போது வருமென்று ஆபீசில் யாரும் சொல்லவில்லை என்றும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வாசலில் இவனை விட்டுப் போயிருக்கிறாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"நாளைக்கும் வந்து கூட்டிட்டுப் போவீங்களா டீச்சர்?"

தலைவி வரவில்லை

அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் லோஜினியின் இடம் காலி. செவ்வாயும் காலி. பிரவீன் ஒவ்வொரு நாளும் அவளுடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கேட் பக்கம் பார்ப்பான். அவளுக்கு ஒரு வயதுத் தம்பி இருக்கிறான் என்பது தெரியும். பாடசாலை விட்டதும் பிரவீனோடு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருக்கும் அவளுடைய லயத்துக்கு இறங்கினேன். லோஜினி லயத்து வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள். "எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? நான் மலைக்குப் போகலைன்னா பேரு இல்ல. போன வாரம் பக்கத்து வீட்டுல பாத்துக்கிட்டாங்க, இனி இவன யாருகிட்ட குடுத்துட்டுப் போறது? அவ அப்பாவும் கொழும்புல. பரீட்ச அடுத்த வருஷமும் வரும்னு நெனச்சுக்கிட்டேன்." ஐந்தாம் தரப் பரீட்சை அடுத்த வருஷம் அவளுக்காகக் காத்திருக்காது என்று சொன்னேன். தாய்க்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் கோபிக்க எனக்கு வழியே இல்லை. வேறு யாரிடம் கோபிப்பது என்றும் தெரியவில்லை.

புறப்படும்போது லோஜினி படிவரைக்கும் வந்தாள். பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் தரம் தண்ணீர் பிடிக்கிறதா, தண்ணீர்த் தாங்கியின் குழாயை ஒழுங்காக மூடுகிறார்களா என்றுதான் கேட்டாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் பிரவீன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வரலைன்னே போடு. தலைவின்னு பாத்து விட்டுறாத."

அவசரக் கூட்டம்

மறுநாள் மன்றம் அவசரமாகக் கூடியது. பிரவீன் தலைமை. அதிபரும் வந்து பின்னால் உட்கார்ந்தார். தம்பியையும் வகுப்புக்குக் கூட்டி வரட்டும் என்று ஒருத்தி சொன்னாள். "கைக்கொழந்தைய வகுப்புல வைக்கச் சட்டத்துல எடமில்லையே" என்றார் அதிபர். ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்வோம் என்றான் பிரவீன். எதை நிறுத்துவது என்று கேட்டேன். "படிப்ப" என்றான் கொஞ்சமும் யோசிக்காமல். அதற்கு மட்டும் எல்லாக் கையும் உயர்ந்தது. அதிபர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. படிப்பு நின்றுவிட்ட பிள்ளைக்காக இவர்கள் எல்லாரும் படிப்பை நிறுத்தப் போகிறார்களாம்!

அப்போது இரண்டாம் தரத்தின் பிரதிநிதி எழுந்து நின்றாள். முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை. கூட்டங்களில் அதுவரை வாயே திறந்ததில்லை.

"லோஜினிக்கா தானே சொன்னாங்க, வரலைன்னா வீட்டுக்கு வந்து கூட்டிட்டு வருவேன்னு? அக்கா வரலைன்னா நாம தானே போகணும்?"

பெரட்டுக் களத்தில்

அடுத்த நாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை! "யாராச்சும் ஸ்கூல்ல இருக்கணுமே, நான் கேட்டுல நிக்கிறேன் டீச்சர்" என்று அதிபர் ஏற்கனவே தப்பித்துக்கொண்டார். பனி விலகாத நேரம். பெற்றோரிடம் சொல்லிவிட்டு வந்த மன்றத்துப் பிள்ளைகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த தங்கச்சி தம்பிகள் என்று பெரிய ஊர்வலமாகவே கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். லோஜினியைக் கூட்டிக்கொண்டு வருவது, தம்பியைச் சமாளிக்கும் வழியைப் போகிற வழியில் யோசிப்பது. எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

லோஜினியின் லயத்துக்கு முன்னால்தான் தோட்டத்தின் பெரட்டுக் களம். வேலையாட்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். அன்றைக்குப் பெரிய துரையே வந்திருந்தார். தோட்டத்து மனேஜர், சிங்களவர், தமிழைத் தோட்டத்திலேயே கற்றுக்கொண்டவர். சத்தமில்லாமல் ஓரமாகப் போய்விடலாம் என்று நான் கையைக் காட்டினேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் காலை, வரிசை, பெரட்டு மூன்றும் ஒன்றாகிவிட்டதே! பெரியவர்களின் வரிசையைக் கண்டதும் கால்கள் தாமாகப் போய், உயரப்படி நின்றுகொண்டன. பிரவீனும் பழக்கத்தில் முன்னால் போய் நின்றான். நான் தடுப்பதற்குள் தொடங்கியும் விட்டான். "ஒண்ணாம் தரம்?" "வந்திருக்கோம்!" "ரெண்டாம் தரம்?" "வந்திருக்கோம்!" தோட்டத்துப் பெரட்டு அப்படியே நின்றது. எனக்கு நியமனம், இடமாற்றம், வலயம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. "தலைவி லோஜினி?" என்றான் பிரவீன். மறுபடியும் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். லயத்து வாசலில் தலை வாராத லோஜினி தம்பியோடு நின்றாள். "இருக்கேன்" என்றாள். "ஸ்கூலுக்கு வராததுக்குக் காரணம்?" அவள் தம்பியை இடுப்பில் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "புள்ளக்காம்பரா தொறக்கல."

பிரவீன் யோசித்தான். அவன் யோசித்து நான் பார்த்தது அன்றுதான். களத்துக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட பிள்ளைக்காம்பராவைப் பார்த்தான், துரையைப் பார்த்தான். பிறகு கூவினான்: "அப்பிடின்னா லோஜினிக்கு இல்ல. பெரிய தொரைக்குத் தான் இன்னைக்கு அரைப்பேரு!"

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பென்றால் சிரிப்பு! கூடைகளில் தட்டினார்கள், விசிலடித்தார்கள். சங்கத் தலைவரான பிரவீனின் அப்பா மட்டும் வாயில் கை வைத்தபடி நின்றார். துரை தொப்பியைக் கழற்றினார். "டீச்சர் சொல்லிக் குடுத்ததா இது?" என்று என்னைக் கேட்டார். "இல்லைங்க தொரை. எனக்கே போட்டாங்க, மழையில பஸ் பிந்துனதுக்கு" என்றேன். அவர் கண்டாக்கையாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பயிற்சி பெற்ற ஆள் வரும் வரைக்கும் காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. துரை வரிசைக்கு முன்னால் வந்து, மற்ற வேலைகளுக்கு ஆள் கேட்கும் அதே குரலில், "புள்ளக்காம்பராவுக்கு யாரு?" என்றார். பெண்கள் ஒரே குரலில் செல்வராணியைச் சொன்னார்கள். முன்பு ஆயாம்மாவுக்கு ஒத்தாசையாக அங்கே இருந்தவர். "செல்வராணிக்கு இன்னைக்கு வேல புள்ளக்காம்பரா. முழுப்பேரு. புது ஆள் வார வரைக்கும் அதே வேல." சாவி வந்தது. கதவு திறந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், பார்த்தால் பார்க்கட்டும். லோஜினியின் அம்மா மகளுடைய இடுப்பிலிருந்து சின்னவனை வாங்கிச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டு, "போ, மொகத்தக் கழுவிட்டு வெள்ள கவுன போடு" என்றாள். துரை ஜீப்பில் ஏறப் போனவர் நின்று, பிரவீனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இந்த வேலைக்கு வந்த நாள்லருந்து மத்த ஆளுக்குத் தானே அரைப்பேர் போட்டது. நமக்கு யாரும் போட்டது இல்ல."

வெறும் கை

பாட்டும் கூத்துமாக மேலே ஏறிவந்தோம். பாடசாலைக் கேட்டில் அதிபர் தனியாக நின்றார். நேரத்துக்கு மணியடித்து, வந்திருந்த மிச்சப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெரட்டு நடத்த ஆள் இல்லாமல் தவித்துப்போயிருந்தார். நாங்கள் எல்லாரும் பிந்தி! லோஜினி முன்னால் போய் நின்றாள். ஈரம் காயாத முகம், அவசரத்தில் கோணலாகப் பின்னிய இரட்டைப் பின்னல். மன்றம் முழுவதற்கும் அரைப்பேர் போட்டாள். பிரவீனுக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். அதிபருக்கு முழுப்பேர் போட்டாள். அந்த மனிதர் அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தார்.

மதியம் நாங்கள் எல்லாரும் மைதானத்தில் இறங்கினோம். இத்தனை பேர் பொறுக்க அங்கே குப்பை ஏது? கிடந்த நாலு டொபித் தாளுக்குச் சண்டை போட்டார்கள். லோஜினி மட்டும் மைதானத்தின் நடுவில் நின்றாள். இடுப்பில் யாரும் இல்லை, ஆனாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றாள். பக்கத்தில் போய், என்னம்மா என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினாள்.

"கை சும்மா இருக்கு டீச்சர், என்னமோ மாதிரி இருக்கு. ஓடட்டுமா?"

ஓடினாள். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு காரணமும் இல்லாமல், பின்னல் அவிழ அவிழ ஓடினாள்.

மாணவர் மன்றத்தால் பிள்ளைகளிடம் என்ன முன்னேற்றம் கண்டீர்கள் என்று வலயத்திலிருந்து கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, ஆனால் அது வந்த பிறகு எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் எல்லாரும் முதல் பஸ்ஸில் வருகிறோம்.